ஊர்ச் சபையும் ஊருணியும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களுக்குப் புதியதன்று. குடிமையியல் பாடநூலில் 'உள்ளாட்சி' என்னும் தலைப்பின்கீழ் அதனைப் படித்திருக்கிறீர்கள். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு விடை எழுதியும் இருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகளுக்குமேல் அந்தப் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். ஆயினும் ஊராட்சி என்பது உண்மையில் யாது என்று எனக்கு விளங்கியது, பணி ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குத் திரும்பிய பின்னர்தான். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

என் ஊர் கோவில்பட்டிக்கு அப்பால் கரிசல் காட்டின் நடுவே இருப்பது. கரிசல் மண்ணைப் பார்த்திராத மாணவர்களுக்கு ஒரு சொல். கோடையில் அது பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்பில் கையை விட்டால் முழங்கைவரை போகும். மழை பெய்துவிட்டாலோ அதே மண் காலைப் பற்றிக்கொண்டு விடாது. வண்டியும் போகாது, மாடும் போகாது. வானம் பார்த்த இந்தப் பூமிக்கு ஆண்டில் கிடைக்கும் மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வந்து தீர்ந்துவிடும். அந்த ஈரத்தை நம்பித்தான் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, மல்லி எல்லாம். இம்மண்ணில் என்ன விளையும், எப்படி விளையும் என்று ஆராய்வதற்காகவே 1901-ஆம் ஆண்டில் கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது.

பயிருக்கு வழி கண்டுவிட்டாலும் குடிநீருக்கு வழி காண்பது எளிதன்று. இப்பக்கத்துக் கிணறுகளில் பெரும்பாலானவை உவர்நீர்க் கிணறுகள். பருப்பு வேகாது; சோப்பு நுரைக்காது. ஆகையால் எங்கள் முன்னோர் ஊருக்கு மேற்கே பள்ளம் தோண்டி மழைநீரைத் தேக்கி, அதற்குள் காலை வைக்காமல் காத்து, அதையே பங்குனி, சித்திரைவரை குடித்தார்கள். அதுதான் ஊருணி. இன்று தாமிரபரணித் தண்ணீர் குழாய் வழியே பல ஊர்களை எட்டியிருக்கிறது. ஆனால் குழாய் உடைந்தாலோ மின்சாரம் நின்றாலோ குடங்கள் மறுபடியும் ஊருணிக்கரையில் வந்து நிற்கும்.

இந்த ஊருணியை யார் காப்பது? இது பற்றிய முடிவுகளை யார் செய்வது? இக்கேள்விக்கு விடை தேடினால் நாம் ஊர்ச் சபையில் வந்து சேருவோம்.

ஊர்ச் சபை என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருவது உத்தரமேரூர்க் கல்வெட்டும் குடவோலையும்தான். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. அங்கே ஏரியைக் கவனிக்கவென்றே ஏரி வாரியம் ஒன்று இருந்தது. பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடியும் பதவிக்கு வர இயலாது. இவையெல்லாம் பாடநூலில் உள்ளவை. பாடநூலில் பெரும்பாலும் இடம் பெறாத ஒன்று நம் மாவட்டங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் மானூர் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர் அம்பலவாண சுவாமி கோயிலில், பாண்டியன் மாறஞ்சடையனின் ஆட்சிக்காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. காலம் ஏறத்தாழ கி.பி. 800. உத்தரமேரூருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தியது. சபையில் உறுப்பினராக இருக்கத்தக்கவர் யார், அவருக்கு என்ன சொத்தும் கல்வியும் வேண்டும் என்றெல்லாம் அதில் விதித்திருக்கிறார்கள்.

அவற்றுள் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தமானது. சபையில் எதை எடுத்தாலும் 'அன்று, அன்று' என்று மறுத்து முட்டுக்கட்டை போடுகிறவரும், அவருக்குத் துணை நிற்பவரும், அப்படிச் செய்த ஒவ்வொரு காரியத்துக்கும் ஐந்து காசு தண்டம் கொடுக்க வேண்டும். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கூட்டத்தைக் கலைக்கும் கலை வளர்ந்திருந்தது என்பது இதனால் தெளிவாகிறது! ஆனால் இந்த விதியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. முட்டுக்கட்டைக்காகவே மறுப்பவனும், நியாயத்துக்காக மறுப்பவனும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். இதைப் பின்னர் பார்ப்போம்.

அந்தப் பழைய சபைகளைப் புகழும்போது ஒன்றை மறைத்துப் பேசக் கூடாது. அவை பிரமதேய ஊர்களில் நிலம் உடைய அந்தணர்களின் சபைகள். உழுதவருக்கும், நிலமற்றவருக்கும், பெண்களுக்கும் அங்கே இடம் இல்லை. இன்றைய கிராம சபை அப்படியன்று. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். தேர்தலில் நிற்க வேண்டியதில்லை. எவரும் நியமிக்க வேண்டியதில்லை. பதினெட்டு வயது நிறைந்து பட்டியலில் பெயர் ஏறினால் நீங்களும் உறுப்பினர்தான்.

இந்த நிலைக்கு வந்து சேர நீண்ட காலம் ஆயிற்று. 1882-இல் ரிப்பன் பிரபு தல சுய ஆட்சித் தீர்மானத்தை வெளியிட்டார். 1920-இலும் 1950-இலும் சென்னை மாகாணத்தில் கிராமப் பஞ்சாயத்துச் சட்டங்கள் வந்தன. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1958-ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறி, அதன்படி ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தன. ஆனால் தேர்தலை நடத்துவதும் நடத்தாமல் விடுவதும் அரசின் விருப்பமாக இருந்து வந்தது. 1992-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்து, ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் நடக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. அதை ஒட்டிப் பிறந்ததே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. கட்டளை இருந்தும் 2016 முதல் 2019 முடியத் தமிழகத்தின் ஊராட்சிகளைத் தனி அலுவலர்களே நடத்தினார்கள். 2019 டிசம்பரில் எங்கள் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது, மீண்டும் தனி அலுவலர்களே வந்தார்கள்.

இங்கே கூர்ந்து நோக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. ஊராட்சி மன்றம் வேறு, கிராம சபை வேறு. மன்றம் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் உறுப்பினர்களும் அடங்கியது. அதற்கு ஐந்தாண்டு ஆயுள். சபையோ ஊரே கூடுவது. அதற்கு ஆயுட்காலம் என்று ஒன்றில்லை. மன்றம் இல்லாத காலத்திலும் சபை கூடியது.

சபை கூடும் நாள்கள் நெடுங்காலமாக நான்கு: ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2. 2022 முதல் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-உம், உள்ளாட்சி தினமான நவம்பர் 1-உம் சேர்ந்து ஆறாயின. இந்நாள்களைக் கரிசல் காட்டு விவசாயியின் கண்ணால் பாருங்கள். அக்டோபர் 2 என்பது புரட்டாசி மாதம். மழையை எதிர்பார்த்துப் புழுதியில் விதைக்கும் காலம். ஆணும் பெண்ணும் காட்டில் இருப்பார்கள். சபைக்கு யார் வருவார்? வந்தாலும், அன்று ஊருணியைத் தூர்வாரத் தீர்மானம் போட்டால், மண்வெட்டி எடுப்பதற்குள் மழை வந்துவிடும். நவம்பர் 1-ஐச் சொல்லவே வேண்டாம். எனவே எங்கள் ஊர்களுக்குத் தண்ணீர் பற்றிய தீர்மானம் மார்ச்சில், தவறினால் மே முதல் நாளில் நிறைவேறியாக வேண்டும். ஊருணி வற்றி, அடிமண் தெரிந்து, வேலைக்கு ஆளும் கிடைக்கும் காலம் அதுவே. சென்னையில் இருந்து நாள் குறித்தவர்கள் இதை நினைத்துக் குறித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். குறித்துவிட்ட நாள்களில் நமக்கு உதவும் நாள் எது என்று அறிந்துகொள்வது நம் கடமை.

கூட்டத்துக்கு எத்தனை பேர் வர வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. மக்கள் தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர். 3,000 வரை 100 பேர். 10,000 வரை 200 பேர். அதற்கு மேற்பட்டால் 300 பேர். முன்னறிவிப்புச் செய்ய வேண்டும். முன்பெல்லாம் தமுக்கடித்து அறிவிப்பார்கள். ஊரில் ஒரு சாராரின் தலையிலேயே அந்த வேலையைச் சுமத்தி வைத்திருந்தார்கள். 2022-இல் தமிழக அரசு தண்டோரா முறையை விலக்கியது. இப்பொழுது ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்கிறார்கள். வரவு செலவு, தணிக்கை அறிக்கை, ஊர் வளர்ச்சித் திட்டம், நலத்திட்டப் பயனாளிகளின் பட்டியல் முதலியன சபையின் முன்னே வைக்கப்பட வேண்டியவை. 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், அவ்வேலைகளைத் தணிக்கை செய்யும் உரிமையையும் கிராம சபைக்கே தந்தது.

இனி எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரின் பெயர் வேண்டாம். ஆள்களின் பெயரும் வேண்டாம். கரிசல் காட்டில் எந்த ஊரிலும் இது நடந்திருக்கலாம்.

2022-ஆம் ஆண்டு மே முதல் நாள். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் சபை கூடியது. கையில் இருந்த நிதியைக் கொண்டு கோயில் பொட்டலில் ஒரு கலையரங்கம் கட்டலாம் என்பது முன்மொழிவு. கலையரங்கம் என்றால் நான்கு தூணும் ஒரு மேடையும்தான். இளைஞர்களுக்கு அதில் ஆர்வம் இருந்தது. நெற்றியில் எழுதப்படும் பெயர்களிலே பெரியவர்களுக்கும் ஆர்வம் இருந்தது. தீர்மானம் கை தூக்கலோடு முடிந்துவிடும் என்றே எல்லாரும் எண்ணினோம். அப்பொழுது பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தார்.

"தலைவரே, மேடை கட்டுங்க, வேண்டாங்கல. மேடையில ஏறிப் பேசுறவுகளுக்குக் குடிக்கத் தண்ணி எங்கேருந்து வரும்? ஊருணி தூந்து கெடக்கே."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "எதுக்கெடுத்தாலும் குறுக்கே நிற்பது இந்த அம்மாளின் வழக்கம்" என்று ஒருவர் கூறினார். மானூர்க் கல்வெட்டு அன்று நடைமுறையில் இருந்திருந்தால் ஐந்து காசு வசூலித்திருப்பார்கள். நல்ல வேளையாகத் தலைவர் பொறுமைசாலி. ஊருணியைப் பற்றி முன்பு ஏதேனும் தீர்மானம் உண்டா என்று கேட்டார். பழைய பதிவேடுகள் கொண்டுவரப்பட்டன. எழுத்தரின் கண்ணாடி உடைந்திருந்தமையால், என்னிடம் தமிழ் படிக்க வந்துகொண்டிருந்த ஒரு மாணவியை வாசிக்கச் சொன்னார்கள். அப்பொழுது பதினோராம் வகுப்பில் இருந்தவள், வயது பதினாறு.

அவள் வாசித்தாள். ஊருணியைத் தூர்வாரவும், அதற்கு மழைநீர் கொண்டுவரும் வரத்து ஓடையைச் சீர்செய்யவும் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியிருந்தது; ஒரு முறையன்று, மூன்று முறை. மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து அதே வாசகம். அடியில் எங்கள் கையெழுத்து. ஓய்வு பெற்ற பின் ஒரு கூட்டத்திற்குப் போனேன். மூன்றாவது தீர்மானத்தின் கீழே என் கையெழுத்தும் இருந்தது! வந்தவுடன் வருகைக்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். தீர்மானம் பிறகு மேலே எழுதப்பட்டிருக்கிறது. வாழ்நாளெல்லாம் விடைத்தாளில் 'படிக்காமல் எழுதியது' என்று சிவப்பு மையால் குறித்தவனுக்கு இது தேவைதான்.

அன்று கலையரங்கம் தள்ளிவைக்கப்பட்டு, ஊருணி எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆடி மாதத்திற்குள் தூர்வாரியும் முடித்தார்கள். அள்ளிய கரம்பை மண்ணை உழவர்கள் தத்தம் புஞ்சைக்கு அடித்துக்கொண்டார்கள். ஆனால் தீர்மானத்தின் பிற்பாதியான வரத்து ஓடையை எவரும் தொடவில்லை. காரணம் ஊரறிந்தது. ஓடையின் பாதியை ஒரு செல்வாக்கானவர் தம் புஞ்சையோடு சேர்த்து உழுதிருந்தார். மற்ற பாதியை வேலிக்கருவேல் அடைத்திருந்தது. முள்ளை வெட்டலாம், மற்றதை யார் பேசுவது? நானும் பேசவில்லை.

இந்த இடத்தில் நீர்நிலைகள் யாருடைய பொறுப்பு என்பதையும் சொல்ல வேண்டும். படித்தவர்களே இதில் குழம்புகிறார்கள். 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஊருணி, குட்டை முதலியன ஊராட்சியின் பொறுப்பு. ஆகவே பெரிய கண்மாயைப் பற்றி ஊர்ச் சபை போடும் தீர்மானம் ஒரு கோரிக்கையே ஆகும். ஊருணியைப் பற்றிப் போடும் தீர்மானம் தனக்குத்தானே இடும் கட்டளை. ஓடையில் ஆக்கிரமிப்பு இருக்கிறதா என்பதைச் சபை தன் வாயால் சொல்லிப் பயனில்லை. புலப்படத்தை வைத்து அளந்து சொல்ல வேண்டியவர் நில அளவர். அவரை அனுப்ப வேண்டியவர் வட்டாட்சியர். கோரிக்கையோடு சபையின் தீர்மான நகலை இணைத்தால், ஒரு தனி மனிதரின் புகாராக அல்லாமல், ஊரின் குரலாக அது கோப்பில் ஏறும்.

எங்கள் ஊர் இதைச் செய்யவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தையே மூழ்கடித்த பெருமழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்த மழை அது. எங்கள் பக்கத்திலும் மழை கொட்டித் தீர்த்தது. காட்டிலிருந்து இறங்கிய வெள்ளம் ஓடையைத் தேடி வந்தது. ஓடை இல்லாததால் பள்ளத்தைத் தேடிப் போயிற்று. பள்ளத்தில் இருந்தது ஊரின் கீழத்தெரு. அங்கே இருப்பவர்கள் நிலமற்றவர்கள். தீப்பெட்டி ஆலைக்கும் கூலி வேலைக்கும் போகிறவர்கள். இரவோடு இரவாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். மண்சுவர் வீடுகள் ஏழு விழுந்தன. காலையில் பார்த்தால் தூர்வாரிய ஊருணியில் பாதிக்கும் குறைவாகவே தண்ணீர். ஊர் முழுவதும் வெள்ளம், ஊருணியில் வெள்ளம் இல்லை.

ஊர்ப் பொதுமுடிவு என்னும்போது அந்த 'ஊர்' என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குகிறார்கள் என்பதைக் கேட்டே ஆக வேண்டும். இது எங்கள் ஊரின் கதை மட்டுமன்று. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளிலும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலிலும் தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக, 1996 முதல் பத்தாண்டு காலம் தேர்தல் நடக்க விடாமலோ, வென்றவரை உடனே விலகச் செய்தோ வைத்திருந்தார்கள். 2006-இல்தான் அங்கே முறையான தேர்தல் நடந்தது. மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மேலும் ஐவரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். 'ஒருமனதாக' என்ற சொல்லைப் பதிவேட்டில் காணும்போதெல்லாம், பேச அஞ்சியவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

அஞ்சாமல் பேசிய சபைகளும் நம் நாட்டில் உண்டு. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட்டு வெட்டுவது பற்றி அங்குள்ள ஊர்ச் சபைகளே முடிவு சொல்லட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே கூடிய 12 சபைகளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. மானூர்க்காரர்கள் கணக்குப் பார்த்தால் நிறையக் காசு தண்டம் வந்திருக்கும்.

2024 ஜனவரி 26 அன்று எங்கள் சபை கூடியது. கீழத்தெருவிலிருந்து ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். அன்றும் எழுந்தவர் அதே அம்மாள்தான். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. ஓடையை அளக்க வேண்டும் என்னும் தீர்மானத்தை முன்மொழிந்தார். மரத்தடியில் சிறிது நேரம் அமைதி. வழிமொழிய வேண்டும் என்று நான் எழுந்தபோது என் கால் நடுங்கிற்று. மாணவர்களாகிய உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. எனக்குப் பின்னால் மேலும் சிலர் எழுந்தார்கள். அந்தச் செல்வாக்கானவர் எழுந்து வெளியே போனார். தீர்மானத்தைப் படித்துக் காட்டிய பின்பே கையெழுத்து என்று அன்று ஒரு வழக்கத்தையும் ஏற்படுத்திக்கொண்டோம். நகல் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போயிற்று. மூன்று நினைவூட்டுக் கடிதங்களுக்குப் பிறகு, ஆவணியில் நில அளவர் சங்கிலியோடு வந்தார். கல் ஊன்றப்பட்டது. உழுதிருந்தவர் வழக்குப் போடுவார் என்று எதிர்பார்த்தோம், போடவில்லை. பருத்தி எடுத்து முடியும்வரை அவகாசம் கேட்டார், சபை கொடுத்தது. அவகாசம் கொடுத்ததை எதிர்த்தவர்களும் உண்டு. நான் கொடுத்தது சரி என்ற கட்சி.

மாணவர்களுக்கு வாக்குரிமை வயது வருமுன் இதிலெல்லாம் என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் கிளாருஸ் என்னும் மலைநாட்டுப் பகுதியில் இன்றும் ஆண்டுதோறும் மே மாதத்தில் மக்கள் திறந்த வெளியில் கூடி, கை உயர்த்திச் சட்டம் செய்கிறார்கள். 2007-ஆம் ஆண்டில் அவ்வாறு கூடியவர்கள் வாக்களிக்கும் வயதைப் பதினாறாகக் குறைத்தார்கள். நம் நாட்டில் பதினெட்டுதான். எங்கள் ஊரில் பதிவேட்டை வாசித்த பெண்ணுக்கு 2022-இல் கையெழுத்துப் போட உரிமை இல்லை. வாசிக்க மட்டுமே முடிந்தது.

2025 ஜனவரி 26 அன்று அவள் முதல் முறையாகக் கையெழுத்துப் போட வந்தாள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் முடிந்திருந்ததால் தலைவர் நாற்காலி காலியாக இருந்தது. அலுவலர் ஒருவர் வந்து கூட்டத்தை நடத்தினார். ஏறத்தாழ 1,400 பேர் உள்ள ஊர் எங்களுடையது. நூறு பேர் வேண்டும். பதினொரு மணிவரை எழுபத்து மூன்று பேர்தான். கூட்டத்தைத் தள்ளிவைக்கலாமா என்று அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பெண் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனாள். பன்னிரண்டு மணிக்குள் நூற்றிரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். அன்றைய நிகழ்ச்சி நிரலில் முதலாவது பொருள் கலையரங்கம். இம்முறை அதற்கு நானும் கை தூக்கினேன்.